பதின்மூன்று காய்களும் ஒரு ஒட்டகமும்

ஒட்டகத்தை எலி என்று சொன்னதற்காக மோக் சௌலிங்கை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது.

எழுபத்தாறு வயது. ஹாங்காங் தையல் ஆலையில் முப்பது வருஷம் சட்டைக் காலர் தைத்தவள். கணவன் போன பிறகு பத்தொன்பதாவது மாடியில் தனியாக இருந்தாள். ஒருநாள் எதிரே வந்த மகளை யாரோ என்று கடந்து போனாள். மகள் யீமான் பயந்துபோய் ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். காட்டியதெல்லாம் தாளில் மெல்லிய கோட்டுப் படங்கள். ஒட்டகம் எலியானது. வரையச் சொன்ன கடிகாரத்தின் முள் வட்டத்துக்கு வெளியே ஓடியது. முப்பதுக்குப் பதினாலு. மறதி நோய் என்று எழுதிவிட்டார்கள். கண் தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கிழவியின் மூளையைச் சந்தேகிக்க இரண்டு நிமிஷம் போதும். கண்ணைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

சௌலிங்கும் சொல்லவில்லை. வயசானால் மங்கத்தானே செய்யும், அதை ஒரு நோயென்று சொல்வதா என்றிருந்தாள்.

குடியிருப்பின் பொது அறையில் தினமும் மதியம் மாஜோங் ஆட்டம்; சித்திரம் செதுக்கிய வெள்ளைக் காய்கள், நாலு பேர், ஆளுக்குப் பதின்மூன்று. அங்கே காயைப் பெருவிரலால் தடவியே செதுக்கலைக் கண்டுபிடிப்பது பழைய கைகளின் பெருமை. கீழே போடும்போது கிழக்கு, மூங்கில் என்று காயின் பேரைச் சொல்லிப் போடுவார்கள். அதனால் சௌலிங்கின் பார்வை போனது மேசையில் யாருக்கும் தெரியவில்லை.

"இதுதான் என் கடைசி வாரம். மக இல்லத்துக்குப் படிவம் குடுத்துட்டா" என்றாள். அன்றைய ஆட்டத்தையும் ஜெயித்தாள்.

எதிரே இருந்த ஃபோங்குக்கு எரிந்தது. "மறதிக்காரியாம். மூணாவதா நான் என்ன போட்டேன், சொல்லுடி."

"கிழக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு மூங்கில். அப்பவே தெரியும், நீ தோக்கப்போறேன்னு."

ஃபோங் யோசித்தாள். மேசையின் மறுகோடியில் ஒரு காயை நிமிர்த்தி வைத்தாள். "இது என்ன காய்?"

"கையில குடு."

"மாட்டேன். பாத்துச் சொல்லு."

"வெள்ளையா இருக்கு."

"எல்லாக் காயும் வெள்ளைதாண்டி. அப்போ பதிமூணு காயையும் தடவி, வரிசையை மனசுல வச்சா ஆடிட்டிருக்கே? அடிப்பாவி, கண்ணை முழிச்சுக்கிட்டு நாங்க உங்கிட்ட தோத்தோமா?"

மறுநாளே கூட ஆடும் மூவரும் சௌலிங்கையும் யீமானையும் இழுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார்கள். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. அரசு மருத்துவமனையில் வரிசை ஒரு வருஷத்துக்கு மேல். கண் மங்கியவர்களைக் காத்திருக்கச் சொல்வது எந்த நியாயம்? ஃபோங் நாலு தொண்டு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டாள். ஆறு வாரத்தில் அறுவைக்கு இடம் கிடைத்தது; அதுவரை இல்லத்தைத் தள்ளிப்போட்டாள் யீமான்.

முதல் கண்ணின் கட்டைப் பிரித்ததும் சௌலிங் மகளைத்தான் பார்த்தாள். "உனக்கு எப்போடி நரைச்சுது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

இரண்டாவது கண்ணும் தெளிந்த பிறகு மறுபடி பரிசோதனை. "ஒட்டகம். ஒத்தைத் திமில். உங்க பிரிண்டர்ல மை கம்மிம்மா" என்றாள் சௌலிங். முப்பதுக்கு இருபத்தொன்பது. யீமான் அங்கிருந்தே இல்லத்துக்குப் போன் செய்து படிவத்தைத் திரும்பப் பெற்றாள்.

சௌலிங் நாற்காலியை விட்டு எழவில்லை. "வெளிய உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கண்ணு தெரியுதான்னு பாத்தீங்களா?"

"அது எங்க வேலை இல்லையே, அம்மா" என்றாள் பரிசோதித்த பெண்.

"அப்போ நானும் வீட்டுக்குப் போறதா இல்லை."

மதியத்துக்குள் சுவரில் கண் பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகை தொங்கியது. அன்று வந்த பதினேழு பேரில் ஆறு பேரை முதலில் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். சௌலிங் தன் பத்தொன்பதாவது மாடிக்குப் போனாள்.