சுவரோடு ஒட்டாத கொலம்

காலையில் ஆய்வுகூடத்தில் இயந்திரத்தைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோதுதான் தொலைபேசி வந்தது. றமீஸாவின் மகள். "அன்ரி, உம்மா மௌத்தாயிட்டாங்க. பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கம்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, பெரிய அலுப்புத்தான் வந்தது. கிண்ணியாவுக்கு பஸ் பிடித்துப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். மையத்தை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு, அவரைப் பற்றி எழுதும்படி அங்கே வந்திருந்த உங்களில் சிலர் கேட்டீர்கள். எழுதுகிறேன், ஆனால் புகழ்மாலை கட்ட எனக்கு ஏலாது. துறைமுக வீதியிலிருக்கும் எங்கள் ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்த காலமெல்லாம் நான் சண்டை பிடித்தபடியே இருந்தவள்.

தண்ணீரில் கலந்திருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் சின்னக் குழாயை நாங்கள் கொலம் என்போம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான். தட்டுப்பாட்டுக் காலத்தில் அது வரவில்லை. கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் மட்டும் வந்து குவிந்தன. "நாமளே செய்வம், வசந்தி" என்றார் றமீஸா. திரவங்களைக் கலந்து குழாய்க்குள் ஊற்றிச் சூடான தண்ணீரில் வைத்தால், உள்ளே பல்பகுதியம் என்ற பிளாஸ்டிக் மாதிரியான பொருள் ஒரே துண்டாக இறுகும். உடலெல்லாம் நுண்ணிய துளைகள். அவர் அதை, பெருநாளுக்கு அவிக்கும் இனிப்பான வட்டிலப்பம் என்றுதான் சொல்வார். அவித்த பதம் பிழைத்தால் இரண்டும் குப்பைக்குத்தான் என்று சிரிப்பார்.

ஒருநாள் பாதி இறுகும்போது கரண்ட் போய்விட்டது. விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்றேன். கேட்டால்தானே? குசினியிலிருந்து தேத்தண்ணிக் கேத்தலைக் கொண்டுவந்து, தொட்டியில் சுடுதண்ணீர் வார்த்து வார்த்துச் சூட்டைக் காத்தார். கொலம் இறுகியது. அதில்தான் தம்பலகாமத்துக் கிணறு ஒன்றைச் சோதித்தோம். பூச்சிமருந்து இல்லை, குடிக்கலாம் என்று றமீஸா கையெழுத்து வைத்தார்.

பிறகு கொலத்தைக் கழுவக் கழற்றியபோது, உள்ளே இருந்த துண்டு விரல் பட்டதும் வழுக்கி வெளியே வந்துவிட்டது. கேத்தல் சூடு ஒரே சீராக இருக்கவில்லை. அதனால் துண்டு சுருங்கிக் குழாயின் சுவரைவிட்டு விலகியிருந்தது. றமீஸா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவரோட ஒட்டல்ல, வசந்தி. தண்ணி ஓரத்தால ஓடியிருக்கு. ஒண்டும் பிரிஞ்சிருக்காது."

பொருளுக்கு ஒரு முகடாக இயந்திரம் கீறும் வரைபில், மருந்து இருந்திருந்தாலும் மற்ற முகடுகளுக்குள் ஒளிந்திருக்கும் என்பது இருவருக்கும் விளங்கியது. மறுபடி சோதித்துவிட்டுச் சொல்வோமே, அவசரப்பட்டு ஊரைக் கலக்குவானேன் என்று நான் வாதாடினேன். அதற்கிடையிலும் அந்த வீட்டார் குடித்துக்கொண்டுதானே இருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே கைப்பையை எடுத்தார். திட்டிக்கொண்டே நானும் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த வீட்டு மருமகள் நிறைமாதம். றமீஸா முற்றத்தில் நின்றபடியே, "நான் தந்த முடிவு பிழை. திரும்பப் பார்த்துச் சொல்லுமட்டும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க" என்றார். மாமியார் வாய்க்கு வந்தபடி ஏசினார். படித்த ஆட்கள் செய்கிற வேலையா இது, பிள்ளைக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். றமீஸா மின்வெட்டைச் சொல்லவில்லை, தட்டுப்பாட்டைச் சொல்லவில்லை. ஏச்சு முடியும்வரை வெயிலில் நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

புதிதாகச் செய்த கொலத்தில் முகடுகள் பிரிந்தன. பூச்சிமருந்து இருந்தது. அந்த வீட்டுக்கு பவுசர் லொறியில் தண்ணீர் போனது, பிள்ளையும் சுகமாகப் பிறந்தது. மேலிடம் றமீஸாவிடம் விளக்கம் கேட்டது, பதவி உயர்வும் நின்றுபோனது. பேசாமல் இருந்திருக்கலாமே என்று பிறகும் ஒருமுறை குத்தினேன். "இருந்திருக்கலாம். ஆனா நித்திர வராதே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அடக்கத்துக்கு அடுத்த நாள், அவர் கடைசியாகச் செய்த கொலத்தில், என்ன இருக்கிறதென்று எமக்கு முன்பே தெரிந்த கலவையை ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு முகடுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. கொலத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. இன்னொன்று செய்ய அவர் இல்லை, எனக்கு அந்தக் கைப்பதம் வாய்க்கவும் இல்லை. அன்புவழிபுரத்துக் கிணறு ஒன்றின் முடிவைப் பின்னேரத்துக்குள் தரச்சொல்லி அலுவலகத்தில் நெருக்கினார்கள். பழைய வசந்தி என்றால் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவ்வளவு களைப்பு.

றமீஸாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முற்றத்து வெயில்தான். கிணற்றுக்காரருக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

"ஐயா, உங்கட தண்ணி நல்லதோ கூடாதோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியுமட்டும் குடிக்காதேங்கோ."

அவரும் ஏசினார். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.