சேதுவைக் கடந்த தேயிலைத் தகரம்

வியாழன் இரவு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். மடியில் ஒரு தேயிலைத் தகரம். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த சண்முகத்தின் அஸ்தி. பதினோரு வருஷம் அவரும் நானும் ஒரே தேயிலைக் கடையில் வேலை பார்த்தோம். காய்ச்சல் ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. மண்கலயம் கப்பல் ஆட்டத்தில் உடையுமென்று கடைத் தகரத்தையே எடுத்துக்கொண்டேன். செத்தும் மனுஷனைத் தேயிலை வாசம் விடவில்லை.

வழியில் எங்கும் கரைத்துவிடாமல் குற்றாலத்துக்கே கொண்டுவர வேண்டுமென்று, தென்காசியிலிருந்து அவர் மனைவி கோமதி கடிதம் எழுதியிருந்தாள்.

வெள்ளி காலை தலைமன்னார். ரயிலை விட்டுக் கப்பலேறினோம். இருபத்திரண்டு மைல் கடல். தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி தகரத்தைக் கண்டு தீர்வை கேட்டார். திறந்து காட்டினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, மூடியைத் தாமே அழுத்தி மூடித் தந்தார்.

கூட வந்த தேவகோட்டைப் பெரியவர் சிரித்தார். வடநாட்டிலிருந்தெல்லாம் அஸ்தியை இந்தச் சேதுக் கடலுக்குக் கொண்டுவருகிறார்கள், நீர் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகிறீரே என்றார். நியாயமாகத்தான் பட்டது. பத்தடியில் கடல். கரைத்துவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பலாம். கோமதிக்குத் தெரியவா போகிறது? தகரத்தோடு தண்ணீர்வரை நடந்தேன். சட்டைப் பையில் இருந்த கடிதம் உறுத்தியது. ஓடிப்போய் மதுரை வண்டியைப் பிடித்தேன்.

சனி காலை எட்டு மணிக்குத் தென்காசி. சாரல் தூறியது. கோமதியும் அவள் கொழுந்தனும் வில்வண்டியோடு நின்றார்கள். குற்றாலம் மூன்று மைல்; நேரே போய்விடலாம் என்றார் கொழுந்தன். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோவது வழக்கமில்லை.

கோமதி தகரத்தை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"வண்டிய வீட்டுக்கு விடுங்க."

"மதினி, அஸ்திய வீட்டுக்குள்ள கொண்டுபோவக் கூடாது."

"நாலு வருசம் கழிச்சு வந்திருக்காவ. வாசலோட அனுப்பச் சொல்லுதியளா?"

கொழுந்தன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். வீட்டில் சண்முகம் சாப்பிட உட்காரும் இடத்தில் தகரத்தை வைத்து, அவள் சற்று நேரம் எதிரே இருந்தாள். பிறகு குற்றாலம் போய், அருவி இறங்கி வரும் சிற்றாற்றில் கரைத்தோம். எனக்கு அழுகை வந்தது. தனுஷ்கோடியில் நான் நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை கொழும்புக்குத் திரும்ப வேண்டும். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஆலங்குளம் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. ஐந்து வருஷமாக மணியார்டர் மட்டும்தான் போகிறது. தகரத்தில் வருவதற்குமுன் ஒருமுறை நானே போய்விட வேண்டும்.