தண்ணீர்த் தாங்கியில் பன்னிரண்டு கண்ணாடிகள்

யுத்த காலத்தில், சீனன்குடா விமான ஓடுபாதைக்குப் பக்கத்து வீடொன்றின் தண்ணீர்த் தாங்கிமேல் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளை வெயிலில் மின்ன வைப்பது புத்தியுள்ளவர் செய்கிற வேலையல்ல. எனக்கு அது உறைக்கவில்லை. நான் அப்போது இரசாயனப் பொறியியலில் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் ஒரு பரப்பில் எப்படிப் படிகின்றன, படிந்தபின் எப்படி அடுக்கிக்கொள்கின்றன என்பதுதான் என் தலைப்பு. துறைமுகத்து உப்பும் தூசியும் தேவைப்பட்டதால் விடுமுறையில் மாமி வீட்டுக்கு வந்து தகடுகளை வைத்தேன்.

மூன்றாவது கிழமை ஆமிக்காரர் வந்தார்கள். நாங்கள் விமானத்துக்குச் சைகை காட்டுகிறோமாம். தகடுகளையும் என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மாமி யாரும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டார். முகாமுக்குப் போன எல்லோரும் திரும்பி வராத காலம் அது.

அதிகாரிக்கு ஓரளவு தமிழ் வரும்.

"இது என்ன?"

"தூசி, சேர்."

"தூசிக்கு எதுக்குப் படிப்பு?"

நான் வாயைத் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார். "அதைத்தான் சேர் நானும் கேட்டனான். வீட்டில கூட்டத் தும்புத்தடியைத் தொடமாட்டாள். தூசி சேர்க்க மட்டும் பஸ் ஏறி வாறாள்."

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் முன்னால் பாலும் சீனியும் போடாத பிளேன்ரீ இருந்தது. சொல்வதைவிடக் காட்டுவது நல்லதென்று அதில் ஒரு துளியை விரலால் தொட்டு மேசைக் கண்ணாடியில் வைத்தேன். காற்றாடியின் கீழ் அது காயும்வரை மூவரும் குனிந்து பார்த்தோம். மாமி வாய்க்குள் கோணேசர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். துளி காய்ந்தது. நடு வெளுத்து, ஓரத்தில் கறுத்த வளையம்.

"ஏன் ஓரத்துக்குப் போகுது?"

"ஓரம்தான் கெதியாக் காயும், சேர். அங்க காயக் காய நடுவில இருந்து தண்ணி ஓடும். போகேக்க துகளையும் இழுத்துக்கொண்டு போகும்."

அவர் தானே ஒரு துளி வைத்தார். பிறகு பேனா மை. பிறகு மீன்குழம்பு. பின்னேரமாகும்போது விசாரணை யாருக்கும் நினைவில்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பினார். தகடுகளை மட்டும் மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமென்று வைத்துக்கொண்டார்.

ஒரு கிழமை கழித்து ஒரு சிப்பாய் அவற்றைப் பத்திரிகைத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தேன். பளபளவென்று முகம் தெரிந்தது.

"சரியான ஊத்தை, மிஸ். சோப் போட்டுக் கழுவினது," என்றார் பெருமையாக.

நன்றி சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். மாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார், ஏலவில்லை.

"அழாதை பிள்ளை. இந்த ஊரில தூசிக்கோ பஞ்சம்?"

மறுபடி வைத்தேன். இம்முறை, எனக்குத் தூசி பிடிக்க அனுமதியுண்டு என்று அதிகாரி கடிதமே எழுதித் தந்தார். அந்தத் தகடுகளில்தான் ஆய்வு முடிந்தது. ஆய்வேட்டின் வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியர், முதல் தொகுதித் தகடுகளுக்கு ஏன் முடிவுகளில்லை என்று கேட்டார்.

"கழுவிப்போட்டினம், சேர்."

"ஆர்?"

"ஆமி."

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு ஆய்வேட்டில் இரண்டு பக்கங்களை ஒன்றாகப் புரட்டி, அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்.