பெட்டி முதுகில் ஒரு ஓம்

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பரவை மார்க்கெட்டைத் தாண்டி இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. காதணி விழா. நான் அங்கே விருந்தாளியாகப் போகவில்லை, மேடையில் கிடார் வாசிக்கப் போயிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தேழு. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நாள் முழுக்க மனுவும் பிரமாணப் பத்திரமும் அடிப்பவன். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அந்தத் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரின் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முகூர்த்த நாட்களில் கடைக்கு லீவு போட்டுவிட்டு ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிப்பேன். இருபது வருடமாக இதே பாடு. உண்மையைச் சொன்னால் அலுத்துவிட்டது. தோளில் கிடார், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி. மண்டபம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். நாம் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது கீழே எல்லோரும் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் விட மனசு வரவில்லை. வாரம் பூராவும் மற்றவர்களுடைய வழக்கையே அடித்துக்கொண்டிருப்பவனுக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

அதற்கும் ஆபத்து வந்தது. குழுவை நடத்துபவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒரு நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். "மாப்ள, கோவிச்சுக்காத. ஒன் பொட்டி வீட்டுக்குள்ள வச்சு வாசிக்கிறதுக்குச் செஞ்சது. டிரம்ஸ் அடிக்க ஆரம்பிச்சா நீ வாசிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்குது. கீபோர்டுலயே கிடார் சத்தம் கெடக்கு. இன்னும் ரெண்டு மூணு புரோகிராம் பாப்போம்" என்றான். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. என் ஆம்ப் ஒரு பிரஷர் குக்கர் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். அதற்கு முன்னால் மைக் வைத்தால் டிரம்ஸ் சத்தமும் சேர்ந்து உள்ளே போகும். கிடாரை நேரே மைக் செட்டின் மிக்ஸரில் சொருகினால் தகர டப்பா தட்டுவது போலக் கேட்கும். புது ஆம்ப் வாங்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் குழுவுக்கு மைக் செட் போடுபவர் அவனியாபுரத்துக்காரர். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சின்னவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். நான் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆம்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வரச் சொன்னார். போனேன். பின்பலகையைத் திருகி எடுத்தார். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயரையும் கழற்றி, பின்பக்கம் ஒரு சாக்கெட் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, என் நெஞ்சு உயரத்துக்கு நின்ற அவருடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினார்.

"ஆம்ப்ல தெம்பு இருக்குண்ணே. வாய்தான் சின்னது. வாசிங்க" என்றார்.

வாசித்தேன். அதே ஆம்ப், அதே திருகு, அதே அளவு. ஆனால் சத்தம் தரையில் கால் ஊன்றி நின்றது. தடித்த கம்பியைத் தட்டினால் என் வயிற்றில் அதிர்ந்தது. இருபது வருடத்தில் என் கிடாரை நான் அப்படிக் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. பாய் அதைக் கவனிக்காத மாதிரி ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மட்டும், "எட்டுலயே போடுங்கண்ணே, எட்டு போதும்" என்றார். சரி என்றேன்.

எட்டு என்றால் எந்த எட்டு என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பெட்டிகளின் முதுகில் பெரிதாக எழுதியிருக்கும். கோயில் வளைவுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர் ஒருவர் எழுதியது. மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம், சுழித்து விட்ட வால். ஒன்றில் 'ஓம் 8'. இன்னொன்றில் 'ஓம் 4'. கோயில் கொடைக்கெல்லாம் போகிற பெட்டி, அதனால் பாய் பெருந்தன்மையாக ஓம் போட்டு வைத்திருக்கிறார், எண் வந்து பெட்டியின் வரிசை எண் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒன்றும் இரண்டும் எங்கே என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வாசிக்கும் முன் அந்த ஓமைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒயர் இழுக்கப் போய்விடுவார்.

இரண்டு நிகழ்ச்சி நன்றாகப் போனது. குழுவை நடத்தும் சிநேகிதன் வாய் திறந்து பாராட்டவில்லை, ஆனால் கீபோர்டு பேச்சையும் எடுக்கவில்லை. மூன்றாவதுதான் பரவை. அன்று காலையில் என்னிடம் வந்து, தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் நுழையும்போது முதலில் கிடார் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேருவார்கள் என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் பரீட்சை. தேறினால் குழுவில் இருப்பேன், இல்லாவிட்டால் கீபோர்டு.

சீர் பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. எந்தத் தாய்மாமன் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்? பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. பாய் காலையிலேயே எனக்கு எட்டாம் பெட்டியை இணைத்து வைத்துவிட்டு, ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். வெந்து போன மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகு விட்டுப்போயிற்று. அப்போதுதான் மேடை ஓரத்தில் 'ஓம் 4' கண்ணில் பட்டது. எட்டைவிடப் பெரியது, புதியது, ஒரு கீறல் கிடையாது. எனக்கு மட்டும் எப்போதும் அந்தப் பழைய பெட்டியைத் தள்ளிவிடுகிறாரே, நல்லதை யாருக்கு ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஒரு எரிச்சல் வந்தது. வெளியே வெடிச் சத்தம் கேட்டது. சீர் வந்துவிட்டது. எழுந்து போய் எட்டிலிருந்த கேபிளைப் பிடுங்கி நாலில் சொருகினேன். ஓமைத் தொட்டுக் கும்பிட மறக்கவில்லை.

அடேயப்பா, என்ன சத்தம்! தட்டுத் தட்டாகச் சீரைத் தூக்கிக்கொண்டு வந்த ஜனம் திரும்பிப் பார்த்தது. தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு மேடையைப் பார்த்துச் சிரித்தார். சிநேகிதன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஆசை யாரை விட்டது?

தனியாக வாசிக்கும் பகுதி முடிந்து மற்றவர்கள் சேர்ந்தார்கள். அடுத்த பாட்டின் நடுவில் கருகல் வாடை வந்தது. சமையல்கட்டில் ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் என் ஆம்பின் பின்பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை வருவதைப் பார்த்தேன். ஒரு படபடப்பு, ஒரு உறுமல், அதோடு சரி. கம்பியை எவ்வளவு தட்டியும் சத்தம் இல்லை. சிநேகிதன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, கீபோர்டுக்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கீபோர்டில் கிடார் சத்தம் வந்தது. கீழே ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆம்ப் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

பாட்டு முடியவும் பாய் உள்ளே வரவும் சரியாக இருந்தது. தலையிலிருந்த தொப்பியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, விழா வீட்டார் முன்னாலேயே கத்தினேன். "என்னா பொட்டி பாய் வச்சிருக்கீங்க? என் ஆம்பையே கொன்னுபுருச்சு!"

அவர் கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தார். நாலாம் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என் தப்புத்தாண்ணே. பாத்து வச்சுட்டுப் போயிருக்கணும்" என்றார்.

சிநேகிதன் பிடித்துக்கொண்டான். வேலை நேரத்தில் ஆளைக் காணோம், பெட்டியும் சரியில்லை, அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு மைக் செட் பார்த்துக்கொள்கிறோம் என்று வாய்க்கு வந்தபடி பேசினான். பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு சிநேகிதன் என் தோளில் கை போட்டு, "நீ நல்லாத்தான் வாசிச்ச மாப்ள. ஒன்னயப் போயி நிறுத்தப் பாத்தேனே" என்றான். என் இடம் தப்பித்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

சாமான் ஏற்றும்போது பாய் என்னை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார். நாலில் ஏன் போட்டேன் என்று மெதுவாகக் கேட்டார். நாலோ எட்டோ எல்லாம் உங்கள் பெட்டிதானே, நம்பரில் என்ன இருக்கிறது என்றேன்.

"நம்பரா? அண்ணே, அது ஓம்ஸு. ஸ்பீக்கரோட கணக்கு. எட்டவிட நாலு போட்டா ஆம்ப்லருந்து ரெண்டு மடங்கு கரண்டு இழுக்கும். பெரிய ஆம்ப் தாங்கும். இது பச்சப்புள்ள" என்றார். ஆம்பின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எட்டு என்று ஓர் எண், பக்கத்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு குறி. ஓம்ஸுக்கு அதுதான் அடையாளமாம். அத்தனை வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று யோசித்ததில்லை. 'ஓம்ஸ்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். கோயில் போர்டு எழுதிப் பழகிய பெயின்டர் 'ஸ்' எதற்கு என்று விட்டுவிட்டார். நான் அது சாமி பேர் என்று நினைத்ததைச் சொன்னேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க தொட்டுக் கும்பிடுறப்பெல்லாம் தொழில் மேல இம்புட்டு பக்தியான்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு ஒங்கள நிறுத்துறதுக்கு ஒரு சாக்குத் தேடிக்கிட்டு இருக்காரு. அம்புட்டுப் பேரு முன்னாடி எப்பிடிண்ணே சொல்றது? எனக்கு வேற எடம் கெடைக்கும்" என்றார். ஆம்பையும் அவரே எடுத்துக்கொண்டார், சரி செய்து தருவதாக.

மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கடையில் ஒவ்வொரு பத்திரத்தின் கடைசியிலும் 'மேலே கண்டவை யாவும் உண்மை' என்று அடிக்க வேண்டும். ஆயிரம் தடவை அடித்த வரி. விரல் தானாக ஓடும். அந்த மூன்று நாளும் அந்த வரி வந்தால் விரல் நின்றது. நான்காம் நாள் கடையைப் பாதியில் விட்டுவிட்டுச் சிநேகிதன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஓம் உட்பட.

அவன் சிரிக்கவில்லை. "அந்த மனுசன என்னா பேச்சுப் பேசிப்புட்டேன்" என்று உடனே பாய்க்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டான். அப்புறம் என்னிடம் திரும்பி, "நீ கொஞ்ச நாள் வீட்ல இரு மாப்ள" என்றான். இருந்தேன். இரண்டு முகூர்த்தம் நான் இல்லாமல் போனது. மூன்றாவதற்கு அவனே கூப்பிட்டான். பாய் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எட்டாம் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து, கிடாருக்கு என்று மேடையில் சும்மா நிறுத்தி வைத்திருந்தாராம். அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டதாம்.

திரும்பிப் போன அன்று, பழுது பார்த்த ஆம்பை பாய் என்னிடம் கொடுத்தார். பெட்டியின் முதுகைப் பார்த்தேன். மஞ்சள் ஓமுக்குப் பக்கத்தில் இருந்த சந்தில், மார்க்கர் பேனாவால், அவர் கையெழுத்தில், கோணலாக ஒரு 'ஸ்' இருந்தது.

இன்றும் வாசிக்கும் முன் பழக்க தோஷத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். விரல் அந்த 'ஸ்' மேல் படும்போதெல்லாம், நான் அத்தனை பேர் முன்னால் கத்திய கத்தலும், தொப்பியோடு நின்று 'என் தப்புத்தாண்ணே' என்று அவர் சொன்னதும் காதில் விழுகின்றன. அதன் பிறகுதான் முதல் கம்பியைத் தட்டத் துணிகிறேன்.