மிசிர் மந்திரிக்கு அழுத ஊர்

எனக்குக் கோபம் வந்தால் காது சுடும். அன்றைக்குக் கிண்ணியா மண்டபத்தில் எரிந்தே போயிருக்கும்.

மிசிர், அதாவது எகிப்து நாட்டு மந்திரி ஒருவர். வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றதற்காக அந்தக் காலத்தில் அவரை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். எங்கள் பெரியவர்களின் தலையில் துருக்கித் தொப்பி ஏறியது அவரைப் பார்த்துத்தான். அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊருக்குப் போக விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, இங்கேயே கிடந்து நரைத்து, கடைசியில் அவர் திரும்பியபோது சொந்தச் சனமே முகம் கொடுக்கவில்லை என்று பேச்சை முடித்தேன். கூட்டத்தின் தலைவர் கண்ணைத் துடைத்தார். அநியாயம், அநியாயம் என்று பின்வரிசையில் முணுமுணுத்தார்கள்.

பிறகு சாப்பாடு. எங்கள் பக்கம் விருந்தென்றால் சஹன்தான். ஒரு தாம்பாளச் சோற்றைச் சுற்றி ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்போம். என் தம்பியும் ஒரு சஹனில் போய் உட்கார்ந்தான். பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், வருடக்கணக்காக அடைத்து வைத்து, குற்றமில்லை என்று அப்போதுதான் விட்டிருந்தார்கள். குறிஞ்சாக்கேணியில் பூட்டிக் கிடந்த தன் கடையை மறுபடி திறக்க நினைத்திருந்தான். ஊர் சேர்த்துக்கொண்டால்தானே கடைக்கு ஆள் வரும்.

ஒருத்தனும் அவனோடு உட்காரவில்லை. பக்கத்துச் சஹன்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவனோடு கண்டால் சீஐடி வீட்டுக்கு வருமாம். சற்றுமுன் அநியாயம் என்றதெல்லாம் ஊருக்கு உபதேசம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா! நான் போய்த் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தேன். தலைவர் குனிந்து, மேடைப் பக்கம் எனக்கு இடம் வைத்திருப்பதாக மெல்லச் சொன்னார்.

"மௌத்தாப் போன மனுசனுக்கு அழத் தெரியுது உங்களுக்கு. உசிரோட இருக்கிற இவன்ட சஹன்ல கை வைக்க ஏலாதோ?" என்றேன்.

யாரும் எழும்பி வரவில்லை. தலைவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

தம்பி என் கையைப் பிடித்தான்.

"விடுங்க நானா. ஜெயிலுக்குள்ளயும் சஹன் மாதிரித்தான், எல்லாருக்கும் ஒரே சோத்துக் கோப்பை. தமிழாக்கள், சிங்கள ஆக்கள், எல்லாரும் சுத்தி இருந்துதான் தின்டம். அங்க ஒருநாளும் என்னைத் தனியத் தின்ன விடல்ல."