மேடாக்கிய வயல்

நான் வேலை பார்க்கும் இந்த அரபு ஊரில், காலையில் போன வழி மாலையில் திரும்பும்போது இருப்பதில்லை. நேற்றுக் கடலாக இருந்த இடத்தில் இன்று மண்ணைக் கொட்டி லொறி ஓட்டுகிறார்கள். எழுபத்தெட்டில் நான் வந்தபோது இங்கே ஒரே ஒரு தார் வீதி. நான்கு வருடத்தில் நகரமாகிவிட்டது. பலதியா எனப்படும் நகரசபையில் எனக்கு நில அளவை வேலை. மேடு பள்ளம் பார்த்து, வருடக் கடைசியில் சுவரில் மாட்டும் வரைபடத்தில் புதிய வீதிகளுக்கு மை போட வேண்டும். பழைய படத்தைக் கழற்றும்போதெல்லாம் இலங்கையில் என் ஊரான கல்முனை இப்போது எப்படி இருக்கிறதோ என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் ஊரின் வருட முன்னேற்றம், வீட்டார் பேசிப் பதிந்து அனுப்பும் கசெட்டில் எனக்கு வருகிறது. போன பெருநாளுக்குப் பின் வந்த கசெட்டில், சந்தைப் பக்கம் மூன்று மாடிக் கடை எழும்பியதையும், எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வந்ததையும் மனைவி மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்ச பாருங்க, மூத்தவளுக்கு நம்மட ஊட்டக் குடுத்தாச்சு. இளையவளுக்கு மாப்பிள்ள பேசி வந்திரிக்காங்க. ஊடு எங்க எண்டுதான் முதல் கேள்வி. ஒங்கட வாப்பாட வயல் துண்ட மேடாக்கிக் கட்டுவம். ஓம் எண்டு சொல்லி அனுப்புங்க."

பெண்ணுக்கு வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதும் எங்கள் கரையின் வழக்கம். உங்களுக்குத் தெரியும். எங்கள் எகிப்திய முஹந்திஸுக்கு, அதுதான் பொறியியலாளருக்கு, அது தெரியவில்லை. ஊரில் வீடு இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். மனைவி மக்கள் எங்கே என்றார். மகளின் வீட்டில் என்றேன். "நீ பிறந்த வீடு?" என்றார். அது தங்கச்சியுடையது என்றேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு பழைய கம்பளியும் மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டுவந்து, "கவலைப்படாதே, அல்லாஹ் போதுமானவன்" என்று தந்தார். தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட்டவன், மூத்தவளுக்கு இரண்டு அறை கூட்டிக் கட்டியவன் நான். அடுப்பைப் பார்த்து அறைக் கூட்டாளிகள் ஒரு வாரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கசெட்டின் மறுபக்கத்தில் தங்கச்சி, அண்ணனான என்னைக் 'காக்கா' என்று அழைத்துப் பேசியிருந்தாள். வயல் துண்டு அவளுடைய வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

"காக்கா, நீங்க செய்ற சரியாத்தான் இரிக்கும். எண்டாலும் மாரித் தண்ணி அந்த வயலுக்குள்ளாலதானே வடிஞ்சி போற. கொஞ்சம் யோசிச்சிப் பாருங்க."

தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சொல்லத்தான் இங்கே எனக்குச் சம்பளம். ஆனாலும் மனைவி பேசிய பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், தங்கச்சியின் பக்கத்தை ஒரே ஒரு தடவை. வடிகாலுக்கு இடம் விட்டால் வீட்டில் ஓர் அறை குறையும், மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். முழுவதையும் மேடாக்குங்கள் என்று பேசி அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்க, அடை மழையில் லீவில் போய் இறங்கினேன். கடைத்தெரு பளபளவென்றிருந்தது. ஆனால் மேற்குப் பக்கம் வயலோரம் முழுக்கக் கிறவல் மண் கொட்டிய மேடு. கிழக்கே கடல் தள்ளிப் போகாது. இருந்த வீட்டு வளவுகளைத் துண்டு போட்டு முடித்து, வெளிநாட்டுக் காசோடு வயலுக்குள் இறங்கிவிட்டோம். இனிப் பிறக்கும் பெண் பிள்ளைகளுக்கு வீடு எங்கே, நெல் எங்கே, மழைத் தண்ணீர்தான் எங்கே போகும்? ஊர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இளையவளின் வீடு வெள்ளையடித்து உயரமாக நின்றது. அதை ஒட்டித் தாழ்வில், நான் பிறந்த வீட்டில், கட்டில் கால் முழுகத் தண்ணீர். தங்கச்சி அரிசிப் பெட்டியைக் கட்டிலில் ஏற்றி, அடுப்பை மேசையில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க காக்கா, வழுக்கும், பாத்து வாங்க" என்றாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மண்வெட்டியை எடுத்தேன். தண்ணீர் வடிய வேண்டுமானால் மகளின் முன் வாசலைக் குறுக்கே வெட்ட வேண்டும். பந்தல் போட்டிருந்த இடம். தங்கச்சி தண்ணீருக்குள் ஓடி வந்தாள்.

"வேணாம் காக்கா! மாப்பிள்ள வாற வாசல். கலியாணம் முடியட்டும், நாங்க சமாளிப்பம்."

படியில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள். "வெட்டுங்க வாப்பா. மாமி தண்ணிக்குள்ள இரிக்க நான் என்னெண்டு பொண்ணா உடுத்து இரிக்கிற?"

வெட்டினேன். மெதுவாகத் தண்ணீர் அசைந்தது. கல்யாணத்தன்று வாய்க்காலின் மேல் ஒரு பலகையைப் போட்டோம். மாப்பிள்ளை அதில் நடந்துதான் வாசலேறினார். பெண்கள் சிரித்துக் குரவையிட்டார்கள். எனக்கு மட்டும் கண் அந்த வாய்க்கால் போய் விழும் அடுத்த வயலிலேயே இருந்தது. அதன் சொந்தக்காரருக்கும் மூன்று பெண் பிள்ளைகள்.

லீவு முடிந்து திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வருடப் படத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்த ஒருவர் புதிய கசெட்டைத் தந்தார். அறைக்கு ஓடினேன். இந்த முறை தங்கச்சியின் பக்கத்தை முதலில் போட்டேன். அவள் வாய் திறக்கும் முன்னே மழை கேட்டது, ஓட்டில் கொட்டுகிற பெருமழை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். வெளியே நல்ல வெயில்.