வெறும் தூபக்கால்

அத்தானின் மளிகைக் கடையில் பித்தளைத் தூபக்கால் ஒன்று இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் அதில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, கடை முழுக்கக் காட்டுவார். பிறகு கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டுக்குள் வந்து, அக்காள் மகளின் தொட்டிலையும் ஒரு சுற்றுச் சுற்றுவார். பிள்ளைக்குச் சளி அண்டாது என்று நம்பினார். நானும்தான் நம்பினேன். அந்த வாசனையை யார் சந்தேகப்படுவார்கள்?

தவழத் தொடங்கிய நாளிலிருந்தே அவளுக்கு அடிக்கடி இழுப்பு வந்தது. ஒருநாள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து போனது. பால் குடிக்கக்கூட மூச்சு இடம் கொடுக்கவில்லை. கடை இருக்கும் மில்லர்புரத்திலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அத்தான் பிள்ளையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஆக்சிஜன் வைத்தார்கள்.

தேறியபின் டாக்டரம்மா பஞ்சுக்குச்சியால் அவள் மூக்கிலிருந்து மாதிரி எடுத்தார். "கிருமி இருக்கா?" என்று அத்தான் பதறினார். எல்லார் மூக்கிலும் கிருமிகள் குடியிருக்கின்றன, நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்றார் டாக்டரம்மா. அந்தக் கூட்டம் நிலைகுலைந்தால் இழுப்பு கூடுகிறதா என்று ஆராய்கிறார்களாம். முடிவாக எதுவும் தெரியாதாம். ஆனால் புகை ஆகவே ஆகாது, முகமூடி வைத்த குழாயில் மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சாம்பிராணி காட்டாவிட்டால் லட்சுமி கோபித்துக்கொள்வாள் என்பவர் அத்தான். வீடு திரும்பிய மறுநாள் அந்தியில் அவர் தூபக்காலைக் கையில் எடுத்ததும் தடுக்க ஓடினேன். எட்டிப் பார்த்தால் கங்கும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. வெறும் தூபக்காலை அதே பக்தியோடு அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, புகையைக் காணோம்?" என்றார் சாமான் வாங்க வந்தவர்.

"சாமிக்கும் வீசிங்கு வே."

உள்ளே வந்து தொட்டிலைச் சுற்றியபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏளா, நல்ல கிருமியும் நம்ம வீட்டு ஆளுதான? அதை வெரட்டப்பிடாதுலா."

மருந்தா, புகை நின்றதா, வயது ஏறியதா, எது கைகொடுத்தது என்று எனக்குத் தெரியாது. இழுப்பு குறைந்து குறைந்து நின்றேவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று அந்தியில் கடையில் இருந்தேன். அத்தான் இன்னும் வெறும் தூபக்காலைத்தான் காட்டுகிறார். அவள் ஓடிவந்து அதைப் பிடித்து நிறுத்தி, கன்னம் உப்ப உள்ளே ஊதினாள்.

"போதும்ளா, சாமி பறந்துருவாரு."

அவள் விடவில்லை. அந்த நீள மூச்சு முடியும்வரை அத்தானும் நானும் அசையாமல் நின்று கேட்டோம்.